முகமில்லாத பாட்டு

அன்புள்ள ஐயா,

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. சென்னையில் ஐ.டி. வேலை, நாலு பேர் சேர்ந்து வாடகை வீடு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வராது. இருட்டில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சினிமாவில் வராத தனிப்பாடல்களைக் கேட்பேன். இ.எம்.ஐ., ஹவுஸ் ஓனர், நீல டிக் விழுந்தும் பதில் வராத மெசேஜ், இதைத்தான் பாடுகிறார்கள். கேட்டால் மனசு லேசாகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு பாட்டால? சும்மா பேசிட்டுல்லா இருக்கான்" என்றார். என் ரசனை மட்டமா? இதில் ஆறுதல் தேடுவது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னதில் தப்பில்லை. பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் பார்த்து வளர்ந்த கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக்காரரும் பாதி நேரம் பேசத்தானே செய்தார்? வீசுகோலால் வில்லைத் தட்டிவிட்டு ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். என் ஆச்சி நடுச்சாமத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். கதை கைலாசத்தில் நடக்கிறவரை அசையமாட்டாள். சுடலைமாட சாமி மலையிறங்கி எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுகிறார் என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை.

உங்கள் வாய்க்கால் பாலம் ஹவுஸ் ஓனர்.

போன வருஷம் ஒரு ஞாயிறு ராத்திரி, நெல்லை எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த் பையன் கோவில்பட்டி வரைக்கும் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டு வந்தான். "சாப்பிட்டேம்மா", "ரூம் நல்லாத்தாம்மா இருக்கு." போனை வைத்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டான். என்ன பாட்டு என்று கேட்டேன், ஒரு பக்க இயர்போனை எனக்குத் தந்துவிட்டான். பாடினவர் யாரென்று தெரியாது. பத்து மாத அட்வான்ஸ், மூன்று நாளாகியும் கொடியில் காயாத துணி, அவ்வளவுதான் விஷயம். பையன் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருந்தது.

சினிமாப் பாட்டில் இது நடக்காது என்று சொல்லமாட்டேன். இளையராஜா இல்லாமல் என் இளமையே இல்லை. ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஏற்கெனவே ஒரு முகம் உண்டு, அந்த ஆளோடு சேர்ந்துதான் நாம் அழவேண்டும். இந்தப் பாட்டுகளில் கொடி இருக்கிறது, துணி இருக்கிறது, ஆளைக் காணோம். அந்த இடத்தில் நீங்கள் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில் ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளைப் பேர் சொல்லியே பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி உங்கள் ஊருக்குச் சாமான் வாங்க வந்த ஆச்சிகளைப் பார்த்திருப்பீர்களே, பேர் சொல்லிப் பாடினாலும் வள்ளியம்மாள் உங்களுக்கு யாராகத் தெரிந்தார்?

மட்டமா என்றால், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை நினைத்துக்கொள்ளுங்கள். கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடக்கிற காலுக்குத் தக்கபடி சிந்து கட்டிய அவர் முப்பதைத் தாண்டாமலே போய்விட்டார். இன்றைக்கு அதைக் கச்சேரியில் தலையாட்டிக் கேட்கிறோம். அன்றைக்கு எந்த அப்பா என்ன சொன்னாரோ.

ஏமாற்றும் இல்லை. பாட்டு முடிந்தாலும் அஞ்சாம் தேதி இ.எம்.ஐ. போகத்தான் செய்யும். அது உங்களுக்கு ஒருநாளும் மறக்கவில்லையே.

எல்லாமே நல்ல பாட்டு என்று சொல்லவரவில்லை. கிடாரில் நாலு கார்டு, பின்னால் மழைச் சத்தம், 'தனிமை' என்ற சொல் ஆறு தடவை, இப்படியும் நிறைய வருகிறது. தனிமை என்றால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. காயாத துணி என்றால் ஆகிறது.

சரி, இவ்வளவு எழுதினீர்கள், ஒரு பாட்டின் பெயர்கூடச் சொல்லவில்லை. நாலைந்து அனுப்புங்கள். ஹவுஸ் ஓனர் பாட்டு முதலில்.