கடைசி பெஞ்சுக்கும் புரியவேண்டுமே!

கேள்வி: ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே முதல் நாவல் எழுத நேரம் எப்படிக் கிடைத்தது? ஆரம்பத்தில் வந்த விமர்சனங்களை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

நேரத்தையாவது எங்கிருந்தாவது பிய்த்து எடுத்துவிடலாம். காலை நாலரையிலிருந்து ஆறு வரை எழுதினேன். நாளுக்கு 300 சொல் வந்தால் பெரிய விஷயம். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் அதுவும் கிடையாது. இப்படியே இரண்டே முக்கால் வருஷம் ஓடியது. ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்கும் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ என்ற தன் முதல் நாவலைப் பள்ளி நோட்டுகளில் எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, ஒருவழியாக 1954-இல் அது வெளிவந்தது. நோட்டுக்கு மட்டும் மனிதருக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

என்னைப் படுத்தியது வாத்தியார் புத்திதான். வகுப்பில் ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்வேன், கடைசி பெஞ்சுக்கும் புரியவேண்டுமே! அந்தப் பழக்கம் நாவலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா படாரென்று கதவைச் சாத்தினாள் என்று எழுதிவிட்டு, அவளுக்குக் கோபம் என்று அடுத்த வரியில் விளக்கம் வேறு. எழுதும்போது இதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பே விமர்சகர்கள் சிலருக்குப் பிரதிகள் போயிருந்தன. முதல் விமர்சனத்தை மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே செல்போனில் படித்தேன். ‘எல்லாப் பாத்திரங்களும் பாடம் நடத்துகிறார்கள்’ என்று ஒரு வரி. அடுத்த பீரியட் எட்டாம் வகுப்பு. அன்றைக்கு என்ன நடத்தினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் அந்த ஆளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்புறம் அவருக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவர், புத்தகத்தை நன்றாகவே பாராட்டிவிட்டு, அதே குறையைச் சொன்னார். சரி, குறை என்னுடையதுதான். ஒருவர் மட்டும் சொன்னால் ருசி பேதம் என்று விட்டுவிடுவேன்; இருவர் ஒரே இடத்தில் கை வைத்தால் குறித்துக்கொள்வேன். இணையத்தில் வாசகர்கள் போடும் நட்சத்திரங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், சனிக்கிழமை மட்டும் பார்க்கிறேன். சொந்தக்காரர்களின் பாராட்டு கணக்கில் சேராது. பாதிப் பேர் பின்னட்டையைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

இப்போது இரண்டாவது நாவல் ஓடுகிறது. ஒரு அத்தியாயம் முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு விளக்க வரிகளை மட்டும் அடிக்கிறேன். போன வாரம் 11 பக்கத்தில் 40 வரி போனது. விடைத்தாள் திருத்திய கையோடு எழுத உட்காருவதும் இல்லை. அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால்தான் அடுத்தவர் வாக்கியங்கள் தலையை விட்டு இறங்குகின்றன.

மாணவர்கள் படிப்பார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் குறைப்பவள் நான். சென்ற மாதம் ஒருத்தி வீட்டுப்பாட நோட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தாள்: ‘பக்கம் 112, கதவை சாத்தினாள். ச் விட்டுப்போச்சு மிஸ். எவ்வளவு குறைக்கலாம்?’