நேராக மாட்டிய எல்-நிக்கோர் 50 மிமீ 2.8என்: 3 மடங்கில் படத்தின் நடுவே வெளிறல்

இருட்டறையில் படம் பெரிதாக்கப் பயன்படும் இந்த எல்-நிக்கோர் லென்ஸை, கேமராவோடு பெல்லோஸில் (இடையே நீளும் மடிப்புக் குழாய்) மாட்டி, ஃபிளாஷ் போட்டு எஃப் 11இல் ஈயின் கண்ணை எடுத்தால் நடுவே வெளிறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸின் பக்கவாட்டில் எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு) தெரியும் சின்னச் சன்னலைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். ஈயின் கண் மேல் பால் தெளித்தாற்போல் வெளிறுவது பெரும்பாலும் அதனால்தான். இருட்டறையில் எண் ஒளிர்ந்து தெரிவதற்காக வைத்த ஒளி வழி அது. பெல்லோஸில் மாட்டினால் ஃபிளாஷ் வெளிச்சம் அதே வழியாக உள்ளே போகும்.

லென்ஸ் முகப்பை மூடி, சன்னலில் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வராவிட்டால் கசிவு உறுதி.

டேப் ஒட்டியும் போகவில்லையா? பெல்லோஸின் உட்சுவர் பளபளப்பையும் லென்ஸுக்குள் பூஞ்சையையும் பாருங்கள். பழைய லென்ஸ், இரண்டுமே சகஜம்.

கேட்காத ஒன்று: எஃப் 11 எதற்கு? 3 மடங்கில் அது எஃப் 44க்குச் சமமாகிவிடும், கூர்மை போய்விடும். எஃப் 5.6இல் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து, ஒரே படமாக அடுக்குங்கள்.