நோய்ப் பயமும் ஹிப்னோதெரபியும் – கடிதம்

வணக்கம் சார்,

பெங்களூர் பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு ஸ்ரீராம்புரம், வயது 38. போன வருடம் என் செட்டுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். காலையில் என்னோடு டீ குடித்தவர். அன்றிலிருந்து நெஞ்சைப் பற்றியே நினைப்பு. ஈசிஜி, எக்கோ, டிஎம்டி என்று இதயச் சோதனை எல்லாம் எடுத்தாயிற்று. இரண்டு டாக்டர்களும் ஒன்றுமில்லை, டென்ஷன்தான் என்கிறார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்தால் நாலு நாள் நிம்மதி. அப்புறம் பழையபடி வாட்ச்சில் பல்ஸ் பார்ப்பது, ராத்திரி கூகுள், மனைவியிடம் "எனக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்பது. அவளுக்கும் அலுத்துவிட்டது.

இந்திராநகரில் ஒரு ஹிப்னோதெரபி சென்டருக்குப் போனேன், மனதை ஆழ்த்திவிட்டுப் பேசியே செய்யும் சிகிச்சை. பத்து சிட்டிங், 45,000 ரூபாய் பேக்கேஜ். ஆழ்மனதில் இருக்கும் பயத்தை வேரோடு எடுத்துவிடலாம், தேவைப்பட்டால் முன்ஜென்மம் வரை போகலாம் என்கிறார்கள். அட்வான்ஸ் 3,000 கட்டிவிட்டேன். அம்மாவோ மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும் என்கிறாள். இதில் நிஜமாகவே பலன் உண்டா? பெயரைப் போட வேண்டாம்.

—

அன்புள்ள நண்பருக்கு,

நான் டாக்டர் இல்லை. இந்த விஷயங்களை ஆர்வமாகப் படிக்கிறவன், அவ்வளவுதான். அந்த அளவில் என் பதில்: ஹிப்னோதெரபி பித்தலாட்டம் கிடையாது. ஆனால் உங்கள் தொந்தரவுக்கு முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டிய இடமும் அது கிடையாது.

இதற்கு நம் நாட்டோடு பழைய உறவு உண்டு. உடம்பில் ஓடும் காந்தத் திரவத்தைச் சரிசெய்து நோயைத் தீர்ப்பதாகச் சொன்னவர் மெஸ்மர் என்ற டாக்டர். அப்படி ஒரு திரவம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று 1784-லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியர் எல்லாம் இருந்த பிரெஞ்சுக் குழு சொல்லிவிட்டது. அந்தக் கற்பனையில்தான் சங்கதியே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டவர் கோவா கண்டோலிமில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. மயக்கம் வருவது செய்பவரின் கையிலிருந்து இல்லை, உட்கார்ந்திருப்பவரின் மனசிலிருந்து என்றார். பஞ்சிம் போனால் அவர் சிலையைப் பார்க்கலாம். 1845-இல் வங்காளத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற சர்ஜன் பெரிய பெரிய கட்டிகளை இந்த முறையில் நோயாளியை ஆழ்த்திவிட்டு அறுத்து எடுத்தார். ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இன்றைக்கு இதற்கு நல்ல ஆதாரம் இருப்பது, கொஞ்சம் ஆச்சரியமாக, வயிற்றில். ஐபிஎஸ் என்கிற குடல் தொந்தரவுக்கு மாத்திரை கேட்காதவர்களுக்கு ஹிப்னோதெரபியையும் யோசிக்கலாம் என்று பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய பயம், வலி, இவற்றிலும் உதவுகிறது. பொதுவான பதற்றத்துக்கு? 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பதற்றம் குறைவது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: தனியாகச் செய்வதைவிட வேறு மனச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும்போது பலன் அதிகம்.

அந்த வேறு சிகிச்சையில் நோய்ப் பயத்துக்கு அதிகம் சோதிக்கப்பட்டது சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை. 2014-இல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இருதயம், நரம்பு, வயிறு போன்ற பிரிவுகளின் வெளிநோயாளிகள் 444 பேரை எடுத்துக்கொண்டார்கள். உங்களைப் போலவே டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்தவர்கள் பலர். ஒரு வருடம் கழித்து, பயம் சாதாரண அளவுக்கு இறங்கியவர்கள் சிபிடி பெற்றவர்களில் சுமார் 14 சதவீதம், பெறாதவர்களில் 7. இரண்டு மடங்கு. பதினாலுதானா என்று கேட்பீர்கள். ஆமாம், அவ்வளவுதான். முழுக்க இறங்காமல் ஓரளவு இறங்கியவர்கள் தனி. வேரோடு எடுத்துவிடுவதாக இந்திராநகரில் சொன்னவர்களிடம் இந்த எண்ணைக் காட்டிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது சிகிச்சையின் பெயர் இல்லை, அந்த "நாலு நாள் நிம்மதி". மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நெஞ்சில் ஒரு துடிப்பு குதித்தாற்போல் இருக்கிறது. மேஜைக்கடியில் மணிக்கட்டைத் திருப்புகிறீர்கள். 84. கொஞ்சம் அதிகமோ? இன்னொரு தடவை பார்க்கிறீர்கள். பயந்துகொண்டே பார்ப்பதால் அட்ரினலின் சுரக்கிறது, 96 காட்டுகிறது. அதைப் பார்த்ததும் 104. உங்கள் இதயம் ஒரு தப்பும் செய்யவில்லை, பயந்தவனின் இதயம் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்கிறது. சற்று நேரத்தில் தானாக இறங்குகிறது, நீங்கள் தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறீர்கள். பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று உள்ளே பதிவாகிறது. அடுத்த தடவை கை தானாகவே போகிறது. ரிப்போர்ட், கூகுள், மனைவியின் "ஒன்றுமில்லைங்க" எல்லாம் இதே ஜாதிதான். ஒவ்வொன்றும் வட்டிக்கு வாங்கின நிம்மதி.

இப்போது ஹிப்னோதெரபியை இதற்குள் வைத்துப் பாருங்கள். நன்றாகத் தளர்த்தி உட்கார வைத்து, மெதுவான குரலில் "உன் இதயம் ஆரோக்கியமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அதுவும் ஒரு ரிப்போர்ட்தான். சுகமாக இருக்கும், நாலு நாள் வரும், ஐந்தாம் நாள் அடுத்த சிட்டிங்குக்கு மனசு அடித்துக்கொள்ளும். பத்து சிட்டிங் முடிந்ததும் அடுத்த பேக்கேஜ். விஷயம் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். "துடிப்பு வரும், போகும், நீ பார்க்க வேண்டியதில்லை" என்று சொல்லி, வாட்ச்சைக் கழற்றிவிட்டு வரும் பதற்றத்தோடு கொஞ்ச நேரம் சும்மா இருக்கப் பழக்குவார். அந்தப் பழக்கத்துக்கு ஹிப்னாஸிஸ் துணையாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்னொன்று, எல்லோருக்கும் இது ஒரே மாதிரி ஏறாது. சிலர் சட்டென்று ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு மூக்கு அரிப்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. அது அவர்கள் குற்றமில்லை.

முன்ஜென்மப் பேச்சு எடுத்தார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நிலையில் தூண்டிக் கேட்டால் நடக்காததும் நடந்ததாக நினைவில் ஒட்டிக்கொள்ளும். இருக்கிற பயமே போதாதா, போன பிறவியில் ஈட்டி குத்தியதால்தான் நெஞ்சு வலிக்கிறது என்று வேறு நம்ப வேண்டுமா?

நீங்கள் மட்டும் இப்படி இல்லை. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் போனபோது இந்த ஊரே ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டியது. 2025-இல் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்துப் பலர் மாரடைப்பில் இறந்த செய்திகள் வந்தபோதும் அதே கூட்டம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு ஈசிஜியோடு தீர்ந்துவிடும். சிலருக்குத் தீராது, அவர்களுக்குத்தான் சிகிச்சை வேண்டும்.

ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு 45,000 ரூபாய்க்கு ஏன் அலைய வேண்டும்? வெளிநோயாளிப் பிரிவில் காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் லீவு போடுங்கள். தனியாரிடம் போவதென்றால் ஆர்சிஐ என்ற மத்திய அரசு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று முதலில் கேளுங்கள். ஹிப்னாஸிஸ் வேண்டுமா என்பதை அவரே உங்களைப் பார்த்துச் சொல்லட்டும். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் அதற்கும் பயப்படாதீர்கள், பலருக்கு அது உதவுகிறது. இப்போதைக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். ராத்திரி கூகுளுக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் தினமும் அவர்களிடமே "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று கேட்க ஆரம்பித்துவிடாதீர்கள்!

இதயத்துக்கு ஒரே டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். மாடி ஏறும்போது நெஞ்சை இறுக்குவது, வியர்த்துக் கொட்டி வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது என்று புதிதாக ஏதாவது வந்தால், இந்தக் கடிதத்தை மறந்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயந்தாங்கொள்ளிகளுக்கும் இதய நோய் வரும்.

மனைவியிடம் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போடுங்கள். நீங்கள் கேட்டால் "இதைப் பேசியாயிற்று, வாங்க ஒரு நடை போகலாம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லக் கூடாது. முதல் வாரம் கோபம் வரும், அவர் மேல் காட்டாதீர்கள். அம்மா கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள், அவருக்கும் ஆறுதல். ஆனால் அதையும் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

அட்வான்ஸ் 3,000-ஐத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் போகட்டும், அந்தப் பணத்துக்காக மீதி 42,000-ஐக் கட்டிவிடாதீர்கள்.