மலைச் செம்மண் வெயிலில் கல்லாக நிற்கிறது, மழையில் கூழாக ஓடுகிறது. ஏன்?

கேள்வி: குன்னூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி வைத்து 3 மீட்டர் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. கோடை முழுக்க ஒரு கட்டி கூட விழவில்லை. ஐப்பசி மழையில் அது சகதியாக ஓடுமா, முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்:

கோடையில் விழவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீலகிரியின் மண் சார்னோக்கைட் பாறை உக்கி உண்டானது. கயோலினைட் களியும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் கலந்தது. பாதி காய்ந்த நிலையில் துகள்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் கொஞ்ச நீர் அவற்றை உள்ளிழுத்துப் பிடிக்கிறது. மேட்டை நிறுத்தி வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த இழுவிசைக்குத்தான்.

மண்ணின் பிடிமானம் 20 கிலோபாஸ்கல், எடை கனமீட்டருக்கு 17 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டால், செங்குத்து வெட்டு 4×20÷17, அதாவது 4.7 மீட்டர் வரை நிற்கும். நீர் உள்ளே இறங்கிப் பிடிமானம் 5 ஆகக் குறைந்தால் அதே கணக்கு 1.2 மீட்டர். உராய்வையும் சேர்த்தால் 2 மீட்டரை ஒட்டி வரலாம், 3 வராது. இது சரிவதற்கான கணக்கு மட்டும்.

சரிந்த பிறகு ஓடுவது வேறு கணக்கு. சேறு தண்ணீரைப் போலச் சிறு சாய்வுக்கெல்லாம் ஓடாது. ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை திடப்பொருளாக நிற்கும், அதைத் தாண்டியதும் ஓடும். அந்த எல்லையை நெகிழ்வு அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி (கனமீட்டருக்குக் கிலோவில்) × 9.81 (புவியீர்ப்பு) × சேற்றின் தடிமன் (மீட்டரில்) × சாய்கோணத்தின் சைன், இந்தப் பெருக்கல் அந்த எல்லையை எட்டும்போது சேறு நகரும். ஆய்வகத்தில் சொல்லும் திரவ எல்லையில், அதாவது மண் கூழாக ஓடத் தொடங்கும் ஈர அளவில், மண்ணின் வலிமை ஏறக்குறைய 2 கிலோபாஸ்கல். அந்த நிலையில் 30 டிகிரி சரிவில் சுமார் 24 செ.மீ. தடிமன் வரை அப்படியே ஒட்டி நிற்கும். இன்னும் கொஞ்சம் நீர் ஏறி நெகிழ்வு அழுத்தம் 200 பாஸ்கலுக்கு இறங்கினால் 2.4 செ.மீ.க்கு மேல் எதுவும் நிற்காது. வலிமை பத்தில் ஒன்றாகக் குறைய, ஈரம் பத்து மடங்கு கூட வேண்டியதில்லை. இந்த மண்ணில் ஆபத்தே அதுதான்.

வீட்டில் அளக்க 60 செ.மீ. நீளப் பலகை, கோணமானி, சமையல் தராசு போதும். மண்ணைக் காயவைக்காமல் நீர் விட்டுக் கரைத்து மைதா சல்லடையில் வடிகட்டுங்கள். ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டுக் கலக்குங்கள். ஒரு லிட்டர் சேற்றை எடைபோட்டால் அடர்த்தி கிடைக்கும். பலகையில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, ஒரு நிமிடம் விட்டு, டிகிரி டிகிரியாக ஒரு முனையைத் தூக்குங்கள். லிட்டருக்கு 1.6 கிலோ உள்ள சேறு 10 டிகிரியில் நகர்ந்தால் நெகிழ்வு அழுத்தம் 27 பாஸ்கல், 20 டிகிரியில் நகர்ந்தால் 54.

பெரும்பாலும் தப்பாகப் போவது பலகையில்தான். வழவழப்பான பலகையிலோ கண்ணாடியிலோ அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி, சேறு உள்ளே நெகிழாமலே மொத்தமாக வழுக்கிவிடும். எண் குறைவாக வரும். மணல் ஒட்டிய பலகை அல்லது உப்புத்தாள் ஒட்டியது வேண்டும். அடுத்தது நேரம். கலக்கி ஒரு நிமிடத்தில் அளந்ததும் ஒரு மணி நேரம் கழித்து அளந்ததும் ஒன்றாக இருக்காது. அசையாமல் இருக்கும்போது களித்துகள்கள் முகமும் விளிம்புமாகக் கோத்துக்கொண்டு இறுகும், கலக்கினால் அந்தக் கோப்பு உடையும். இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று: நகரத் தொடங்கியதும் பலகையை மெல்ல இறக்கிப் பாருங்கள். புறப்பட்ட கோணத்தில் நிற்காது, அதைவிடத் தாழ்ந்த கோணத்தில்தான் நிற்கும். செங்குத்தான இடத்தில் கிளம்பிய சேறு, தானாகக் கிளம்பியே இருக்காத மட்டமான முற்றத்தையும் தாண்டிப் போவது இதனால்தான். வீடு மேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பவர்கள், சேறு நிற்கும் கோணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் இத்தகைய மண்ணில் கனிமத்தோடு பிணைந்த நீரும் சேர்ந்து போகலாம். துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரவ எல்லை மாறிவிடும். ஒரு பாதியை 50 டிகிரிக்கு மிகாமல் உலர்த்தி இரண்டு ஈரப்பதத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நன்றாகவே வித்தியாசம் வந்தால், உலர்த்தாத மண்ணில் எடுத்த எண்களை மட்டும் நம்பலாம். நவம்பரில் குன்னூரில் வெயிலில் காயவைக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

தடுப்புச்சுவர் கட்டுவதாக இருந்தால் சுவரின் கனத்தைவிடத் தண்ணீர் வெளியேறும் வழிதான் முதலில். 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் நீர் முழுக்க நின்றால் மீட்டர் நீளத்துக்கு 44 கிலோநியூட்டன், அதாவது சுமார் நாலரை டன், மண்ணின் தள்ளலுக்கு மேல் கூடுதலாக விழும். 75 முதல் 100 மி.மீ. குழாய்களை ஒன்று, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வெளிப்பக்கம் சரித்து வையுங்கள். பின்னால் குறைந்தது ஓர் அடி கனத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி. துணி இல்லாவிட்டால் மேலே சொன்ன கூழே ஜல்லிக்குள் புகுந்து குழாயை அடைத்துவிடும்.

2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்த அளவுக்கு எந்த வடிகாலும் ஈடுகொடுக்காது. மேட்டின் தலையில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தாலோ, தெளிவாகக் கசிந்த நீர் கலங்கி வந்தாலோ, எப்போதும் வரும் ஊற்று திடீரென நின்றாலோ ஆட்களை வெளியேற்றுங்கள். அடியில் விழுந்து கிடக்கும் மண்ணை மழை விடும்வரை அள்ளக் கூடாது. மேலே மிச்சமிருக்கும் மண்ணுக்கு அப்போது அதுதான் முட்டுக்கொடுக்கிறது.