மஞ்சள் மேல் மஞ்சள்: வான்கோவின் சூரியகாந்திகள் பற்றிக் கேள்வி பதில்

வான்கோ வரைந்த சூரியகாந்தி ஒரே படம் என்று நினைத்திருந்தேன். மொத்தம் எத்தனை?

இரண்டு வரிசை உண்டு. 1887இல் பாரிஸில், வெட்டித் தரையில் கிடத்திய பூக்களை வரைந்தார். காலண்டரில் நாம் பார்க்கும் ஜாடிப் பூக்கள் தென் பிரான்சின் ஆர்ல் ஊரில் வரைந்தவை. 1888 ஆகஸ்டில் நான்கு, அப்புறம் அவற்றைப் பார்த்து அவரே திரும்ப வரைந்தவை மூன்று. இந்த ஏழில் ஒன்று 1945இல் ஜப்பானில் குண்டுவீச்சில் எரிந்துபோனது. இன்னொன்று தனியார் கையில் இருக்கிறது. மற்றவை லண்டன், மியூனிக், ஆம்ஸ்டர்டாம், பிலடெல்பியா, டோக்கியோ அருங்காட்சியகங்களில்.

ஒரே பூவை ஏன் இத்தனை முறை?

வரப்போகும் விருந்தாளிக்காக. ஆர்லில் ஒரு மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஓவியர்கள் சேர்ந்து வாழும் வீடாக அதை ஆக்க ஆசைப்பட்டார். முதலில் வரச் சம்மதித்தவர் பால் கோகன். அவர் வருவதற்குள் சுவரை நிறைக்கத்தான் இந்தப் படங்கள். அக்டோபரில் வந்தார் கோகன். டிசம்பர் 23 இரவு எல்லாம் உடைந்தது, வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டார். கிளம்பிப்போன கோகன் ஜனவரியில் கடிதம் எழுதி, அந்த மஞ்சள் பின்னணிப் படத்தைத்தான் கேட்டார்! வான்கோவும் அதே பூக்களைத் திரும்ப வரைய உட்கார்ந்தார். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் மனம் கனத்துவிடும்.

அப்படியென்றால் பூவுக்கு என்ன அர்த்தம்? சாவு என்கிறார்கள், சூரியன் என்கிறார்கள்.

அவரே ஒரு சொல் தந்திருக்கிறார்: நன்றி. 1890இல் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. இன்னொன்றும் செய்ய நினைத்தார். தபால்காரர் ரூலினின் மனைவி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் படத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சூரியகாந்திகளை மாட்ட வேண்டும் என்று. தாய்க்கு இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றியதுபோல என்று நமக்குச் சொன்னால் சட்டென்று புரியும்.

பாதிப் பூக்கள் வாடித் தொங்குகின்றனவே, அது வேண்டுமென்றே செய்ததா?

ஆமாம். விரிந்தது, இதழ் உதிர்ந்தது, விதை முற்றியது என எல்லாப் பருவமும் ஒரே ஜாடியில் இருக்கிறது. தவிர, பறித்த பூ சீக்கிரம் வாடிவிடும் என்பதால், விடியும்போதே ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது என்று தம்பி தியோவுக்கு எழுதினார்.

மஞ்சள் சுவர், மஞ்சள் ஜாடி, மஞ்சள் பூ. ஒன்றோடொன்று கலந்து போகாதது எப்படி?

நிறத்தால் பிரித்ததைவிட, பிரஷ் போகும் திசையாலும் சாயத்தின் கனத்தாலும் பிரித்தார். லண்டன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் தீட்டல்கள் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இதழ் ஒவ்வொன்றும் நீளமாக ஒரே இழுப்பு. விதைப் பகுதியிலோ சாயத்தைக் குத்திக் குத்தி வைத்திருக்கிறார், மேடு மேடாக எழும்பி நிற்கிறது. வெளிச்சம் அந்த மேடுகளில் பட்டு அங்கங்கே சின்ன நிழல் விழும். அச்சுப் பிரதியில் தொலைந்துபோவது இதுதான்.

நிறம் மங்குகிறது என்று படித்தேன். உண்மையா?

உண்மை. அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சள் ஈயமும் குரோமியமும் சேர்ந்த சாயம். அதில் சில வகை, குறிப்பாகக் கந்தகம் கலந்த வெளிர் மஞ்சள், வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். ஆம்ஸ்டர்டாம் படத்தை இப்போது வெளியூருக்கு அனுப்புவதில்லை.

நகல் எடுத்துப் பழகுகிறேன். மேலே உள்ள பூவுக்கு எனக்கு இடமே போதவில்லை!

கவலை வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் படத்தில் அவருக்கும் போதவில்லை. கேன்வாஸின் மேல் விளிம்பில் ஒரு மரச் சட்டத்தை ஒட்டி, அதன்மேலும் வரைந்து முடித்தார். நீங்களும் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.