ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. ஐந்தாம் செமஸ்டரை அங்கே படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அக்டோபரில் வகுப்பு. போய் வந்த சீனியர்களில் ஒருவர் "ஆறு மாச டூர்டா" என்கிறார், இன்னொருவர் "அரியரோடதான் திரும்பி வருவே" என்கிறார். அப்பா செலவுக் கணக்கு கேட்கிறார். எனக்குக் குளிரும் சாப்பாடும்தான் பயம். எதற்கு எப்படித் தயாராவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கவின், கோவை

அன்புள்ள கவின்,

குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குக்கர் இருக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது காலண்டரைப் பார்த்து. இரண்டு சீனியர்கள் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். டூர் போனவரும் அரியரோடு வந்தவரும் ஒரே ஆளாகக்கூட இருப்பார்.

அங்கே குளிர்காலப் பருவம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முதல் பாதியில் முடியும், அதற்குப் பிறகுதான் பரீட்சை. உங்கள் கல்லூரியில் ஐந்தாம் செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும். ஜனவரியில் ஆறாவது ஆரம்பம். ஆக, ஒரு செமஸ்டர் என்று நீங்கள் கிளம்பினாலும் இங்கே இரண்டு செமஸ்டரில் ஓட்டை விழும். ஆறாம் செமஸ்டரில் முதல் இரண்டு மாதம் வகுப்பில் இருக்க மாட்டீர்கள், 75 சதவீத வருகைப்பதிவு அதிலேயே அடிபடும். இதற்கு விலக்கு உண்டா என்பதைத் துறைத்தலைவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு வைக்காதீர்கள். அவர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம். கடிதமாக வாங்குங்கள், முதல்வர் கையெழுத்தோடு. அங்கே சில பாடங்களுக்குப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் என இரண்டு பரீட்சைத் தேதிகள் இருக்கும். கேட்டுப் பார்த்துப் பிப்ரவரித் தேதியைப் பிடித்தால் ஒரு மாதம் மிச்சம்.

அதே கடிதத்தில் கிரெடிட் கணக்கும் வர வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டர் முழுப்பளு 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பு, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்து. நம் கிரெடிட் வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதை வைத்து வருவது. இரண்டும் வேறு வேறு அளவுகோல், படி கணக்கையும் கிலோ கணக்கையும் போல. அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் இங்கே அது எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் லேர்னிங் அக்ரிமெண்ட். போன பிறகு ஏதாவது பாடம் நடக்கவில்லை, நேரம் மோதுகிறது என்று ஒன்றிரண்டு மாறத்தான் செய்யும். மாறிய அன்றே திருத்திய தாளை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். திரும்பி வந்து "சார், அந்தப் பாடம் கிடைக்கல, இதை எடுத்தேன்" என்று நின்றால்தான் சிக்கல். இன்னொன்றையும் எழுத்தில் கேளுங்கள்: அங்கே ஒரு பாடம் போய்விட்டால் இங்கே அது எந்தப் பாடத்தின் அரியர், எப்போது எழுதலாம்? மறுதேர்வுக்கு யாரும் விமானம் ஏறிப் போகப்போவதில்லை.

மதிப்பெண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே 1.0 தான் மிக உயர்ந்தது. 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. 1.3 வாங்கிக்கொண்டு வந்தால், பத்துக்கு இத்தனை என்றே பார்த்துப் பழகிய தேர்வுப் பிரிவு குமாஸ்தா உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். மதிப்பெண் பட்டியலோடு மதிப்பெண் முறை விளக்கத் தாளையும் முத்திரையுடன் கேட்டு வாங்குங்கள். எந்தச் சூத்திரத்தில் மாற்றுவோம் என்பதையும் கிளம்பும் முன்பே கல்லூரி சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, நம் பிள்ளைகள் அதிகம் விழும் குழி. இங்கே பாடத்துக்குப் பெயர் கொடுத்து ஃபீஸ் கட்டினால் ஹால் டிக்கெட் தானாக வரும். அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்வது ஒரு பதிவு, வகுப்பில் சேர்வது இன்னொரு பதிவு, பரீட்சைக்கு மூன்றாவது பதிவு. இந்த மூன்றாவதற்குப் பல்கலைக்கழகம் ஒரு சில வாரம்தான் திறந்து வைக்கும், அதுவும் பரீட்சைக்கு வெகு முன்பே. தவறவிட்டால் அத்தனை வகுப்பும் கேட்டிருந்தாலும் எழுத முடியாது. பதிந்துவிட்டு, விலகும் தேதிக்குள் நீக்காமல், எழுதவும் போகாமல் விட்டால் பல இடங்களில் 5.0 என்றே போட்டுவிடுவார்கள். முதல் வாரமே துறை அலுவலகத்தில் அந்தத் தேதிகளைக் கேட்டு போனில் அலாரம் வையுங்கள்.

பல பாடங்களில் இன்டர்னல் மார்க் கிடையாது, கடைசிப் பரீட்சை ஒன்றே நூறு சதவீதம். வகுப்புக்கு வந்தாயா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். டூர் மயக்கம் தொடங்குவது இங்கேதான். ஆனால் சில பாடங்களில் வாராவாரம் பயிற்சித் தாள் உண்டு. அதில் பாதி மதிப்பெண்ணாவது தேறினால்தான் பரீட்சைக்கே விடுவார்கள். அட்டவணையில் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் சி.டி. (c.t.) என்று இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10.15க்கு. எஸ்.டி. (s.t.) என்றிருந்தால் சரியாகப் பத்துக்கு.

அப்பாவுக்கான கணக்கு. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே போட்ட பணத்தை மாதத் தவணையாக மட்டும் தரும் பிளாக்டு அக்கவுண்ட்) காட்ட வேண்டியது 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, சுமார் ஆறு லட்சம் ரூபாய். இது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான், மாதாமாதம் கைக்கு வரும். சிக்கல் முதல் மாதத்தில். விடுதி முன்பணம், முதல் வாடகை, பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒரே வாரத்தில் கேட்பார்கள். முடக்கக் கணக்கோ 992க்கு மேல் தராது, அதுவும் அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான். அதனால் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக 1,500 யூரோ போட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் கீழ் போவதால் படிப்புக் கட்டணம் பொதுவாக இருக்காது, ஆனாலும் அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். விசாவில் முடிவுத் தேதி மார்ச் 31 வரையாவது இருக்க வேண்டும். பிப்ரவரியோடு முடியும் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு மார்ச் பரீட்சைக்கு என்ன செய்வீர்கள்?

இறங்கியதும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் அல்லது விடுதி கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதித் தாள் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவுச் சான்று வந்தால் வங்கிக் கணக்கு திறப்பது எளிது. கணக்கு வந்தால் பணம். பெரிய நகரங்களில் இந்தப் பதிவுக்கு நேரம் கிடைப்பதே கஷ்டம், அதனால் இங்கிருந்தே இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி, இனிஷியல். நம் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும், சிலருக்கு வெறும் ஒற்றை எழுத்து. வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் இன்னொரு மாதிரி கொடுத்தால் இரண்டும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடும். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்து பிசகாமல், எல்லா இடத்திலும் கொடுங்கள். அதே பெயரை ஒரு சீட்டில் எழுதி உங்கள் தபால்பெட்டியில் ஒட்டுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் அங்கே தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் அக்கம்பக்கத்தில் விசாரிக்க மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார்.

சாப்பாடு. அரிசி, பருப்பு, புளி எல்லாம் ஆசியக் கடைகளில் கிடைக்கும். ஜெர்மனியின் மேற்கே உள்ள ரூர் வட்டாரத்துப் பக்கம் என்றால் ஈழத்தமிழர் கடைகளே உண்டு, ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயிலும் இருக்கிறது. பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். பொடி வகைகளாக அரைத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற ஸ்டீல் மூன்று லிட்டர் போதும். மூன்று முள் பிளக் அங்கே நுழையாது.

குளிர் என்று ஜன்னலை மூடியே வைத்துச் சமைத்தால் ஆவி கண்ணாடியில் முத்துமுத்தாக நிற்கும், இரண்டு மாதத்தில் ஜன்னல் ஓரச் சுவரில் கரும்பூஞ்சை பூக்கும். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள். ஜன்னலை ஒருக்களித்து வைப்பதில் பயனில்லை. ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை.

கிளம்பும் முன் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகப் போனால் அதை ஏற்க மாட்டார்கள். காப்பீடு, முடக்கக் கணக்கு இரண்டையும் முடிக்க அந்த நீக்கச் சான்றைக் கேட்பார்கள், இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் முன்பணம் திரும்பி வரும்வரை மூடாதீர்கள், அதற்குச் சில மாதம் ஆகலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை உங்களுக்குக் கையில் மூன்று மாதம் இருக்கும். ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிடுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், தபால்பெட்டிக்கு வரும் கடிதமெல்லாம் ஜெர்மனில்தான் இருக்கும்.