முட்டை வெடித்தும் கரு தங்காதது ஏன்?

கேள்வி: வயது 29. கல்யாணமாகி இரண்டரை வருடம், இன்னும் கரு தங்கவில்லை. 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் சரியாக வரும். முதல் இரண்டு நாள் சுருண்டு படுக்க வைக்கும் வலி. மதுரையில் ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். ‘முட்டையே வெடிக்கவில்லை, ஆபரேஷன் பண்ணிடு’ என்கிறார் அத்தை. என் கணவருக்கு இதுவரை எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: அத்தை சொல்வதுபோல் இருக்க வாய்ப்பு குறைவு. மாதாமாதம் தேதி தவறாமல் வருகிறது என்றாலே பெரும்பாலும் முட்டை வெடிக்கிறது என்றுதான் அர்த்தம். சந்தேகமிருந்தால், பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 21ஆம் நாளில், முட்டை வெடித்தபின் கூடும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சிக்கல் பெரும்பாலும் அதற்கப்புறம்தான். கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே சினைப்பையிலும் வயிற்றுச் சவ்விலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அங்கே அழற்சி உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளிவந்த முட்டையைக் கருக்குழாயின் விரல் போன்ற நுனிதான் வாரி உள்ளே எடுக்க வேண்டும். ஒட்டிப்போன குழாயால் அது முடியாது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாக இல்லை. அழற்சியால் முட்டையின் தரமும் கரு பதிவதும் பாதிக்கப்படலாம். வலியின் கடுமையை வைத்து மட்டும் பாதிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது.

ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். கட்டியை உரித்தெடுக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் போய்விடலாம். முதலில் ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையில், சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். குழாய் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நோய் லேசாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷன்) செய்து அகற்றிய பிறகு இயல்பாகவே கரு தங்கலாம். குழாய் அடைத்திருந்தால் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) பக்கம் போக வேண்டியிருக்கும். வலிக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை முட்டை வெடிப்பதையே நிறுத்திவைக்கும். குழந்தைக்கு முயல்வதை டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

முக்கியமான விஷயம், கணவரின் விந்தணுப் பரிசோதனை. செலவு குறைவு, ஊசி கிடையாது. அந்த ரிப்போர்ட் வராமல் உங்கள் வயிற்றில் கத்தி வைப்பது நியாயமே இல்லை. அத்தையிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கணவரே சொல்லட்டும்.

தனியாரில் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்கு இருவருமாகப் போங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும், கடைசி ஆறு மாத பீரியட்ஸ் தேதிகளும் கையில் இருக்கட்டும். இடையில் திடீரென்று தாங்கமுடியாத வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால், அன்றைக்கே போய்விடுங்கள்.